ஏழு பச்சைப் பாக்கெட்டுகள்

பதினைந்து மாதம் வளர்த்த கலவா மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு குளம் முழுக்க மிதந்தன. வான்-ஜென்னுக்கு முதலில் அது மீன் என்றே புரியவில்லை. யாரோ தண்ணீரின்மேல் வெள்ளைத் துணி விரித்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு காற்று திரும்பியது, நாற்றம் வந்தது. தோளில் இருந்த பை நழுவி வரப்பில் விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றாள்.

"நல்லா பார்த்துக்கோ," என்றாள் அண்ணி பி-யுன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. "ஒண்ணாங் குளம், ரெண்டாங் குளம். மூணாவது மட்டுந்தான் மிச்சம். பட்டணத்துலேருந்து வந்திருக்க, முழுசாப் பார்த்துட்டுப் போ."

அண்ணன் செங்-யாவ் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையால் செத்த மீனை இழுத்துக்கொண்டிருந்தான். தங்கை வந்தது தெரியும். திரும்பவில்லை.

வான்-ஜென் வடக்கே, தைபேயை ஒட்டிய ஷிஜ்ஜியில், நாற்பது பேர் வேலை பார்க்கிற ஒரு கம்பெனியில் பொறியாளர். அவர்கள் செய்வது சோற்று டப்பா அளவே இருக்கும் சின்னக் கணினிகள். மேசையில் வைத்துப் படம் பார்க்கிற கணினி இல்லை. தொழிற்சாலை மூலையில், ரயில்வே கேட்டில், எங்கேயாவது ஒரு பீரோவுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒன்பது வாட் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, வருஷக்கணக்கில் ஒரே வேலையைச் செய்கிற ஜாதி. அப்படி அவள் கையாலேயே வடிவமைத்த பெட்டி ஒன்றை மார்ச் மாதம் மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்து, இந்த ஜியாதோங் மீன்குளத்து மோட்டார் கொட்டகை இரும்பு பீரோவுக்குள் மாட்டினாள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அது தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் சக்கரங்களை ஓடவிடும். ஏதாவது கோளாறென்றால் அண்ணனின் போனுக்குச் செய்தி அனுப்பும்.

"இவ்வளவூண்டு டப்பாவா என் குளத்தப் பார்த்துக்கப் போவுது?" என்று அன்றைக்கு அண்ணன் சிரித்தான். "இதுல முட்டை வெச்சாக்கூட ரெண்டுதான் வெக்கலாம்."

"முட்டைய வேற எடத்துல வைங்க. இது உங்களவிடக் கம்மியாத் திங்கும், உங்களவிட அதிகமா முழிச்சிருக்கும்."

உப்புக்காற்று ஊர். விசிறி வைத்த கணினி என்றால் மூன்று மாதத்தில் துருப்பிடித்து நின்றுவிடும். அதனால் இதில் விசிறியே கிடையாது. உள்ளே உண்டாகிற சூடு முழுக்க, சீப்புப் பல் போலத் தகடு தகடாக நிற்கிற அலுமினிய மேல்மூடி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த மூடிக்காக வான்-ஜென் ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவள். அதைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டு மணி நேரம் பேசுவாள், யாரும் கேட்பதில்லை.

மாட்டி முடித்ததும் பையிலிருந்து ஒரு பச்சைப் பாக்கெட்டை எடுத்தாள். தேங்காய் மணக்கிற சோளப்பொரி, பிள்ளைகள் தின்பது. அதன் பெயருக்கே 'சமர்த்து' என்றுதான் பொருள். பக்கத்தில் ஒன்று இருந்தால் இயந்திரம் சமர்த்தாக இருக்குமாம். பச்சைதான் வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் ஓடுகிறது என்று அர்த்தம், மஞ்சள் பாக்கெட் வைத்தால் மெஷினுக்கும் சந்தேகம் வந்துவிடும். தேதி தாண்டக் கூடாது. தின்னவே கூடாது. கம்பெனியில் ஒருத்தரும் இதை நம்புகிறேன் என்று சொல்லமாட்டார்கள், ஒருத்தரும் வைக்காமலும் விடமாட்டார்கள். வான்-ஜென் அந்தப் பாக்கெட்டை பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு கொக்கியில் மாட்டினாள். அண்ணன் இதே மாதிரி பாங்க் மெஷின்மேல் பார்த்திருக்கிறான், சுங்கச்சாவடியில் பார்த்திருக்கிறான். சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

பன்னிரண்டு வருஷமாக இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து குளத்தைப் பார்த்த மனுஷன் அதற்கப்புறம்தான் முழுசாகத் தூங்கினான். அக்கம்பக்கத்துக்காரர்களிடம் தங்கையின் பெட்டியைப் பற்றி அவன் அளந்ததில், அந்தக் கால்வாய்க் கரையில் இன்னும் ஐந்து குளத்துக்காரர்கள் வாங்கி மாட்டினார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வான்-ஜென்னே வந்து மாட்டிக் கொடுத்தாள், ஒவ்வொரு கொட்டகையிலும் ஒரு பச்சைப் பாக்கெட்டை மாட்டிவிட்டுப் போனாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாவ்ஜோவில் ஒரு கல்யாண விருந்து. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து குளத்தை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை. பி-யுன் ஆறு வருஷமாகப் பெட்டியில் கிடந்த குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டாள். பந்தலுக்குள் ஒன்பதாவது பதார்த்தம் வந்தபோது வெளியே வானம் கறுத்தது. வெயில் மறைந்து மழை கொட்டினால் குளத்தில் ஆக்சிஜன் மடமடவென்று இறங்கும். அது செங்-யாவுக்குத் தெரியாததா? போனைச் சாப்பாட்டு மேசைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டே சாப்பிட்டான். போன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வான்-ஜென் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். பெட்டியே நின்றுபோனால் அதுவும் ஒன்றும் சொல்லாது என்பதை அவளும் யோசிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தவன் தங்கையைக் கூப்பிட்டு ஒரே வரிதான் சொன்னான். "வான்-ஜென், உன் பெட்டி நின்னுபோச்சு, மீனெல்லாம் செத்துப்போச்சு."

இன்று காலை முதல் வண்டியைப் பிடித்துத் தெற்கே வரும்போது அவள் முழு வழியும் வேண்டிக்கொண்டே வந்தாள். அண்ணன் பெட்டிமேல் தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணி ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் அவர்கள் தப்பாக இருக்கட்டும், என் பெட்டியின் தப்பாக இருக்கவேண்டாம். வேண்டிக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. ஜியாதோங் ஸ்டேஷன் எதிர்க்கடையில் ஒரு புதுப் பச்சைப் பாக்கெட் கேட்டாள். "பச்சை தீர்ந்துபோச்சும்மா, காலையிலேயே மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. மஞ்சள் இருக்கு, தரவா?" என்றாள் கடைக்காரி. வேண்டாம் என்று வந்துவிட்டாள். யார் அள்ளினார்கள், எதற்கு அள்ளினார்கள் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

"அண்ணே," என்று கரையிலிருந்து கூப்பிட்டாள். "பெட்டிமேல தண்ணி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல."

"கரண்ட் போச்சா?"

"மூணாங் குளத்துப் பழைய மோட்டாரு நேரா லைன்ல ஓடுது, பெட்டியில சேக்கல. அது நிக்கவேயில்ல. அதனாலதான் அந்தக் குளம் பொழச்சுது. கரண்ட் இருந்துச்சு."

"எலி ஏதாவது? பல்லி உள்ள பூந்து..."

"எலிமேல போடு, பல்லிமேல போடு," என்று பி-யுன் வெடித்தாள். "உன் பெட்டிமேல மட்டும் போட்டுடாத!"

"விடு பி-யுன்." செங்-யாவ் இப்போதுதான் திரும்பினான். ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "தப்பு என்னோடதுதான். செய்ய வேண்டியத நானும் செஞ்சேன். பத்தல போலருக்கு. போய்ப் பாரு."

எது பத்தவில்லை? புரியாமல் கொட்டகைக்குள் போனாள். தகரக் கூரை வெயிலில் படபடத்தது. இரும்பு பீரோவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. நின்ற பெட்டியை யாரோ மறுபடி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, சின்ன விளக்கு மினுக்கியது. அந்த விளக்கை வைத்துத்தான் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. மற்றபடி பெட்டியையே காணோம்.

பச்சைப் பாக்கெட்டுகள். ஒன்றின்மேல் ஒன்றாக, இடுக்கில்லாமல், சரிந்துவிடாதபடி சிவப்பு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஒவ்வொன்றின் தேதியும் முன்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, அத்தனையும் பெட்டியின் தலைமேல். எண்ணினாள். ஏழு.

வான்-ஜென் நூலை அறுத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். காற்றடைத்த பாக்கெட்டுகள், குளிர்காலத்து மெத்தை மாதிரி. இரண்டு சூட்டில் உப்பி வெடித்திருந்தன. கடைசிப் பாக்கெட் வரமாட்டேன் என்றது. அதன் பிளாஸ்டிக் உருகித் தகடுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்ததும் கிழிந்து, பச்சை மை அலுமினியத்திலேயே தங்கிவிட்டது. அதற்கும் கீழே, அவளே தட்டச்சு செய்து, அவளே ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது: மேலே எதையும் வைக்காதீர்கள்.

தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மடிக்கணினியை எடுத்துப் பெட்டியில் செருகி, அது தன் சூட்டைத் தானே எழுதிவைத்திருந்த குறிப்பைத் திறந்தாள். மார்ச், ஏப்ரல், மே, ஒரே சீரான கோடு. ஜூன் பதினேழாம் தேதி ஒரே ஒரு தரம், மின்னலில் மின்சாரம் கண் சிமிட்டியதால், பெட்டி நின்று இரண்டு நிமிஷத்தில் தானாக எழுந்திருக்கிறது. எந்த ஊரிலும் நடப்பது, ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆகாது. பதினெட்டாம் தேதியிலிருந்து கோடு ஏறத் தொடங்கியது. நான்கு நாளுக்கொரு படி, ஒவ்வொரு படிக்கும் முன்னால் பெட்டி சற்று நின்று எழுந்த ஒரு சின்ன இடைவெளி. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாக்கெட் என்று கணக்குப் போட பொறியியல் படிக்க வேண்டியதில்லை. நேற்று மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கோடு உச்சியைத் தொட்டு, அங்கேயே அறுந்துபோயிருந்தது. சூடு தாங்காமல் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. சக்கரங்களும் அதோடு நின்றுவிட்டன.

ஜூன் பதினெட்டு. அந்தத் தேதி அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்றைக்கு அவள் கம்பெனியில், பெட்டிகள் சூடு தாங்குமா என்று சோதிக்கிற சூட்டறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே நாற்பது பெட்டிகள் அறுபது டிகிரியில் வெந்துகொண்டிருந்தன, வாடிக்கையாளர் ஒருவர் இன்னொரு போனில் காத்திருந்தார். அண்ணன் கூப்பிட்டான். "நேத்து மெஷினு ரெண்டு நிமிஷம் நின்னுட்டு அதுவா ஓடிச்சும்மா. பயம் ஒண்ணுமில்லையே?" அவசரத்தில் அவள் சொன்னாள்: "பாக்கெட் தேதியப் பாருங்கண்ணே. காலாவதி ஆயிருந்தா அது கோச்சுக்கும். புதுசு ஒண்ணு வெச்சு விடுங்க." பக்கத்தில் நின்ற சக பொறியாளன் தே-லுன் சிரித்தான், அவளும் சிரித்தாள், போனை வைத்துவிட்டாள். கம்பெனியில் இந்தப் பேச்சு தினமும் பத்துத் தடவை ஓடும். ஆனால் கம்பெனியில் பாக்கெட்டை அலமாரிப் பக்கவாட்டில்தான் கட்டுவார்கள், தகடுமேல் வைக்கமாட்டார்கள். ஏன் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை, அங்கே இருப்பவர்கள் எல்லோரும் அந்தத் தகடுகளைச் செய்தவர்கள்.

செங்-யாவ் ஈரத்தோடு வந்து வாசலில் நின்றான். கீழே கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்துப் பதறினான். "ஏன் எடுத்த?"

"அண்ணே, யாரு இத்தனைய மேல வெக்கச் சொன்னது?"

"நீதான். தேதியப் பாருன்னு சொன்ன. பார்த்தேன், நெசமாவே மூணு நாள் தாண்டியிருந்துச்சு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அங்க ஷிஜ்ஜியில உக்காந்துகிட்டு உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு." கையை உடம்பிலேயே துடைத்துக்கொண்டான். "கதவுல தொங்குறது தூரமா இருக்கேன்னு புதுச தலமேலயே வெச்சேன். ஒரு நாள் ஓடிச்சு. அப்புறம் வெயில் நாள்ல நின்னுச்சு. இன்னொண்ணு வெச்சேன். நிக்க நிக்க வெச்சேன்."

"ஸ்டிக்கர்ல எதையும் வெக்காதீங்கன்னு எழுதியிருக்கேனே!"

"அது சாமான் செட்டுக்குச் சொன்னதுன்னு நெனச்சேன். பாக்கெட்டு எப்படி அதுல சேரும்?"

அவளுக்கு அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். சூடு இந்தத் தகடு வழியாகத்தான் வெளியே போகும். மேலே மூடினால் போகாது. நீங்கள் வைத்ததுதான் அதை நிறுத்தியது. சொல்லி முடிக்கும்வரை செங்-யாவ் அசையவில்லை. பிறகு தகடுகளில் ஒட்டியிருந்த பச்சை மையை விரலால் தேய்த்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனதை அவள் கண்ணால் பார்த்தாள்.

"அப்ப நானேதானா?" என்றான். "நானேதான் கொன்னேனா?"

அதற்கு அவள் பதில் தேடுவதற்குள் அவன் திடுக்கிட்டு அவள் தோளைப் பிடித்தான். "ஐயோ, வான்-ஜென்! மத்தவங்களுது!"

"மத்தவங்களுதா? என்ன?"

"நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் சொன்னேன். மெஷினு மக்கர் பண்ணா பாக்கெட்ட தலமேல வைங்கன்னு. எல்லாரும் ஒண்ணு ரெண்டு வெச்சிருந்தாங்க. நேத்து என் குளத்தப் பார்த்துட்டுப் பயந்து, காலையில கடைக்கு ஓடி, இருந்த பாக்கெட்ட பூரா..."

வான்-ஜென் வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால். தலைக்குமேல் வெயில் பிளந்தது, கிழக்கே தாவு மலைமேல் மேகம் சேர்ந்துகொண்டிருந்தது. நேற்றும் இதே மாதிரிதான் ஆரம்பித்திருக்கும். ஐந்து வீட்டுக் குளங்கள், எல்லாம் அவள் பெட்டி, எல்லாவற்றின் தலையிலும் அவள் சொன்ன வார்த்தை.

இரண்டு ஸ்கூட்டர். அண்ணி எதுவும் கேட்காமல் வான்-ஜென்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரப்பில் பறந்தாள். முதல் வீட்டில் மூன்று பாக்கெட். இரண்டாவதில் ஐந்து, ஊதுபத்தி வேறு கொளுத்தியிருந்தார்கள். மூன்றாவது வீட்டு அம்மாள் பாக்கெட்டுகளுக்கு மேலே ஒரு சிவப்புத் துண்டும் போர்த்தியிருந்தாள். "குளுருமேன்னுதான்" என்றாள். நான்காவது வீட்டில் ஆளே இல்லை, செங்-யாவ் பூட்டை உடைத்தான். பாக்கெட்டை எடுத்துப் பெட்டியைத் தொட்டால் எல்லா இடத்திலும் கை சுட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் செங்-யாவே பதில் சொன்னான். "என் மீனு எதனால செத்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு, இதாலதான், எடுத்துடுங்க." அவன் அதைச் சொல்கிற ஒவ்வொரு வீட்டிலும் வான்-ஜென் தலையைக் குனிந்துகொண்டு பாக்கெட்டுகளை எடுத்தாள்.

ஐந்தாவது வீடு புன் பெரியப்பாவுடையது. ஐந்து குளம், கரையிலேயே பெரிய கை. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுப் பாக்கு மென்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவை மறித்துக்கொண்டார்.

"எடுக்கறதா? நல்லா இருக்கு கதை! உங்கண்ணன் ஏழு வெச்சான், போயிடுச்சு. நான் பதினொண்ணு வெச்சிருக்கேன், ஓடுது பாரு."

"பெரியப்பா, சூடு வெளிய போகணும். நான்தான் அத செஞ்சவ, நான் சொல்றேன்."

"நீ செஞ்ச பெட்டிதான உங்கண்ணன் குடியக் கெடுத்துச்சு? இப்ப எங்கிட்ட வந்து பாடம் நடத்துறியா? பாக்கெட் வெக்கச் சொல்லிக்குடுத்ததும் நீதான், இப்ப எடுன்னு சொல்றதும் நீதான். எந்த வாய நம்பறது?"

மனுஷன் கேட்டதில் தப்பு என்ன? ஆனால் மேகம் வெயிலைத் தொட்டுவிட்டது. அவர் அக்குளுக்கடியில் புகுந்து உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். மேலே இருந்த பாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

அந்த நொடியில் வெளியே சத்தம் நின்றது.

இருபது சக்கரம் தண்ணீரை அடிக்கிற இரைச்சல். அந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அது இருப்பதே தெரியாது, நின்றால்தான் தெரியும். ஐந்து குளத்திலும் ஒரே சமயத்தில் நின்றது. பி-யுன் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று ஸ்கூட்டரை நிறுத்தியதும், பழைய மோட்டாரின் இருமலுக்குப் பின்னால் அவள் கேட்டது இந்த அமைதியைத்தான்.

"பார்த்தியா!" என்று புன் பெரியப்பா அலறினார். வாயிலிருந்த பாக்கு தெறித்தது. "தொட்ட, நின்னுடுச்சு! தொட்ட, நின்னுடுச்சு! வைடி திரும்ப! வைடி!"

அவர் கீழே விழுந்த பாக்கெட்டைப் பொறுக்கப் பாய்ந்தார். வான்-ஜென் முந்திக்கொண்டாள். இப்போது எதைச் சொன்னாலும் இந்த ஆள் காதில் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே பாக்கெட்டைக் கிழித்தாள், கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

கொட்டகை அப்படியே உறைந்துபோனது. காவலுக்கு வைத்த பாக்கெட்டைத் தின்பதா! பன்னிரண்டு வருஷம் கம்பெனியில் இருந்தும், பசியில் செத்தாலும், அவள் செய்யாத காரியம். புன் பெரியப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. வான்-ஜென்னின் நாக்கு சுட்டது. அது அவளே எதிர்பார்க்காதது. சோளப்பொரி வாணலியிலிருந்து இப்போதுதான் எடுத்தது மாதிரிக் கொதித்தது.

"கைய நீட்டுங்க," என்று இன்னொரு பிடியை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். "இது கடையில வாங்கினப்ப சூடா இருந்துச்சா?"

அவர் கையை உதறப் போனார், உதறவில்லை. பொரியைப் பார்த்தார்.

"வெயில்ல வெச்சீங்களா? அடுப்புல வெச்சீங்களா? பூட்டுன பீரோவுக்குள்ள இந்தச் சூடு எங்கேருந்து வந்துச்சு பெரியப்பா? இது வெளிய போக வேண்டிய சூடு. பதினொரு பாக்கெட்டும் புடிச்சு வெச்சுகிட்டிருக்கு."

புன் பெரியப்பா உள்ளங்கை மாறி மாறிப் பொரியை உருட்டினார். பிறகு திடீரென்று பீரோவுக்குள் இரண்டு கையையும் விட்டு, மிச்சம் பத்தையும் வாரி வெளியே எறிந்தார். செங்-யாவ் தலையிலிருந்த ஓலைத்தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்கு விசிறத் தொடங்கினான். விசிறியே வேண்டாத பெட்டி என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த அதே ஆள், பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் விசிறினான். ஒரு நிமிஷம். மேகம் கூரைக்குமேல் வந்து கொட்டகை இருட்டியது. ஒன்றரை நிமிஷம். முதல் துளி தகரத்தில் விழுந்தது. வான்-ஜென் வாயில் இருந்த பொரியை விழுங்கவும் மறந்து அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சிவப்பாக இருந்தது, அணைந்தது, பச்சையானது. வெளியே ஒரு சக்கரம் தண்ணீரை அடித்தது. இன்னொன்று. அப்புறம் எல்லாம்.

புன் பெரியப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த ஒரு பொரியை வாயில் போட்டு மென்றார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது மழை கொட்டியது. கரை நெடுக ஐந்து வீட்டிலும் சக்கரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, இரைச்சல் மழையை மிஞ்சியது. அண்ணன் வீட்டு எல்லைக்கு வந்ததும் இரைச்சல் பின்னால் தங்கிவிட்டது. மூன்றாம் குளத்துப் பழைய மோட்டார் மட்டும் இருமிக்கொண்டிருந்தது. ஒன்றாம் குளத்திலும் இரண்டாம் குளத்திலும் செத்த மீன்கள்மேல் மழை விழுந்தது.

"அண்ணே," என்றாள் வான்-ஜென். "நான் அன்னிக்கு வேடிக்கைக்குச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நானும் வேடிக்கையாத்தான் மொத பாக்கெட்ட வெச்சேன். அன்னிக்கு முழுக்க மழை. மெஷினு ஒரு தடவகூட நிக்கல." மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்தான். "அதுக்கப்புறம் வெச்சதெல்லாம் வேடிக்கையா வெக்கலம்மா. நீ சொல்லிட்டன்னு வெச்சேன். படிச்சவ, அத செஞ்சவ, காரணமில்லாமலா சொல்லுவான்னு."

அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான். கோபம் இல்லை அந்தக் குரலில், அதுதான் தாங்க முடியவில்லை.

"என்ன ஆச்சுண்ணே, எப்ப நின்னுச்சுண்ணேன்னு ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ. நான் சொல்லியிருப்பேன். மின்னல் வெட்டுச்சு, அப்பத்தான் நின்னுச்சுன்னு. அன்னிக்கே எனக்குத் தெரியும் அது."

பி-யுன் இன்னொரு வலையைக் கொண்டுவந்து நீட்டினாள். வான்-ஜென் வாங்கிக்கொண்டாள். ஆபீஸ் செருப்போடு அண்ணன் பின்னாலேயே இரண்டாம் குளத்தில் இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் நின்று, மீனை இழுக்க ஆரம்பித்தாள். குளத்தில் இன்னும் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது.